குபேரன் தட்டில் ஒரு வீடு

கண்ணாயிரத்தின் அலுவலகத்தில் ஃபைல் கேட்டுவிட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருந்தவர் யாரும் கிடையாது என்பது வேதாவின் பெருமை. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை. வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் ஃபைல் மேஜைமேல் இருக்கும். அவள் மறுபடி தட்டச்சு இயந்திரத்துக்குத் திரும்பியிருப்பாள்.

திருவூடல் தெருவில் மாடியில் இரண்டு அறைதான் அலுவலகம். வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் வரைந்து அனுமதி வாங்கித் தருவது கண்ணாயிரத்தின் தொழில். 1990-ல் வேதா அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது ஃபைல்கள் சிமென்ட் சாக்குகளில் கிடந்தன. யாராவது பழைய பிளான் கேட்டு வந்தால் கண்ணாயிரம் ஒவ்வொரு சாக்காகக் கவிழ்த்து, "நேத்து கூட பாத்தனே" என்று தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார். நல்ல இன்ஜினியர்தான். மூன்றாவது மாடியின் பாரத்தை மனக்கணக்காகச் சொல்லிவிடுவார். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தார் என்பதுதான் தெரியாது.

வேதா முதல் வாரமே இரண்டு இரும்பு ரேக் வாங்கிப் போடச் சொன்னாள். ஒவ்வொன்றிலும் நான்கு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அட்டையில் பெயர் எழுதி ஒட்டினாள். இந்திரன், அக்னி, யமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியன். மலையைச் சுற்றி வரும் கிரிவலப் பாதையில் இந்தப் பெயர்களில் எட்டு லிங்கம். எந்த லிங்கத்துக்குப் பக்கத்தில் வீடோ, அந்தத் தட்டில் ஃபைல். அவ்வளவுதான். இந்த ஊரில் கதவு எண் தபால்காரருக்கு மட்டுமான சங்கதி. மற்றவர்கள் எல்லோரும், "அக்னி லிங்கம் தாண்டி இடது கைப் பக்கம்" என்றுதான் வழி சொல்வார்கள். அதையே ரேக்கில் ஏற்றியதற்குப் பெரிய மூளை வேண்டியதில்லை என்று வேதாவே நினைத்தாள். ஆனால் கண்ணாயிரம் அன்று ரேக்கின் முன்னால் நின்று, "இது எனக்குத் தோணல பாத்தியாம்மா" என்றார். பன்னிரண்டு வருடம் கழித்தும் அந்தச் சொல் அவளுக்கு இனித்தது.

முருகவேல் வந்தது 2001-ல். சேலத்தில் படித்துவிட்டு வந்த இன்ஜினியர். கையோடு ஒரு கம்ப்யூட்டரையும் வாங்க வைத்தான். கெட்ட பிள்ளை இல்லை. அவளை 'அக்கா' என்பான், டீ வந்தால் முதல் டம்ளரை அவளிடம் நீட்டுவான். ஆனால் ரேக்கைப் பார்த்தால் மட்டும் அவனுக்கு நெற்றி சுருங்கும்.

"அக்கா, இதுல நம்பரே இல்லியே. எதுனா ஒண்ணு காணாம போனா, காணாம போச்சுன்னு எப்படித் தெரியும்?"

"காணாம போனாத்தான தம்பி தெரியணும். போனதே இல்லியே."

அவன் ஒரு எண் முறை செய்தான். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஏழு துண்டாகப் பிரிந்த ஒரு எண். எந்த வருடம், எந்த மாதம், நகராட்சியா ஊராட்சியா, வீடா கடையா, எத்தனை மாடி, வரைந்தது யார், கடைசியில் வரிசை எண். ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஃபைலில் முந்நூறைக் கம்ப்யூட்டரில் ஏற்றியும் விட்டான். அந்த எண்ணை முழுதாகப் படித்து முடிப்பதற்குள் தான் ஃபைலை எடுத்துக் கொடுத்து, ஆளை அனுப்பி, கதவையும் சாத்திவிடலாம் என்று வேதா கணக்குப் போட்டாள்.

கண்ணாயிரம் இரண்டு பக்கமும் தலையாட்டினார். "தம்பி சொல்றதும் சரியாத்தான் கீது. வேதா சொல்றதும் சரியாத்தான் கீது." இப்படிச் சொல்கிற முதலாளியிடம் வேலை செய்வதைப் போல எரிச்சலான காரியம் உலகத்தில் இல்லை. ஆனாலும் வேதா மனதுக்குள் ஜெயித்தவளாகவே இருந்தாள். எட்டுத் தட்டு ஒரு பக்கம், ஏழு துண்டு ஒரு பக்கம். எது சுலபம் என்று இட்லிக் கடைக்காரியைக் கேட்டாலும் சொல்வாள்.

இட்லிக் கடைக்காரி என்று சும்மா சொல்லவில்லை. ராணியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். அவளிடம் போவதற்கு முன்னால் வேதாவின் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முருகவேல் வந்த மறு வருடம் தொடக்கத்திலிருந்தே அவளுக்கு மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூரில் பெரிய டாக்டரம்மா பார்த்துவிட்டு, கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது, ஒன்றரை மாதம் முழு ஓய்வு வேண்டும் என்று சொல்லிவிட்டாள். சித்திரையில் நாள் குறித்தார்கள். வேதா வைகாசி என்றாள். வைகாசியில் ஆனி என்றாள். நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்த அவள் கணவன் ராஜேந்திரன் சண்டை போடத் தெரியாதவன். அவள் ஆனி என்ற அன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"மாடிப்படி ஏறச் சொல்லவே மூச்சு வாங்குது ஒனக்கு. இன்னாதான் கீது அந்த ஆபீஸ்ல?"

"நான் இல்லன்னா ஒரு ஃபைல் கூட எடுக்க மாட்டாங்க. ஒன்றரை மாசம் எப்படிங்க விடறது?"

அவள் சொன்னது நிஜம். ஆனால் அதைச் சொல்லும்போது அவளுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததே, அதுவும் நிஜம். ஆபரேஷன் மேலிருந்த பயத்துக்கும் அந்தச் சந்தோஷம் நன்றாக மறைவு கொடுத்தது.

கடைசியில் ஸ்கேன் எடுக்க மட்டும் ஒரு நாள் லீவு போட்டு, ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வேலூர் போனாள். பன்னிரண்டு வருடத்தில் கார்த்திகை தீபத்தன்றும் தீபாவளியன்றும் தவிர வேலை நாளில் அவள் நாற்காலி காலியாக இருந்தது அன்றுதான்.

சனிக்கிழமை காலை அலுவலகக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். தரை முழுக்க ஃபைல். அக்னி, யமன், நிருதி மூன்று தட்டும் காலி. நடுவில் முருகவேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கண்ணாயிரம் ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராணியம்மா பிளான் எங்கம்மா?" என்றார் அவர், திரும்பாமலே.

வேதா செருப்பைக் கூடக் கழற்றவில்லை. தரையில் கிடந்தவற்றைத் தாண்டி இரண்டாவது ரேக்குக்குப் போய், குபேரன் தட்டில் இடதுபக்கத்திலிருந்து கைவைத்து ஒரு காக்கி ஃபைலை உருவினாள். அரை நிமிடம் ஆகியிருக்காது. அந்த நொடியில் அவளுக்கு வந்தது பச்சையான சந்தோஷம். இதைப் பின்னால் நினைக்கும்போதெல்லாம் அவள் கூசினாள்.

முருகவேல் எழுந்து வந்தான். "அக்கா, அவங்க வூடு யம லிங்கத்துக்குப் பின்னாடி தெரு. அது எப்படிக்கா குபேரனுக்குப் போச்சு?"

எப்படிப் போனது என்பது வேதாவுக்கு நேற்று நடந்தது போல ஞாபகம் இருந்தது. ராணியம்மாள் முன்னறையில் இட்லிக் கடை வைத்து, ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுத்துக் கட்டிய வீடு அது. பிளான் அனுமதியாகி வந்த நாளில் அவள் கணவன் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். வேதா ஃபைலை யமன் தட்டில் வைக்கப் போனபோது ராணியம்மாள் அட்டையைப் படித்துவிட்டாள். "எம்மா, எம் புருசன் அங்க கெடக்கச் சொல்ல எங்க வூட்ட எமங்கிட்ட குடுக்கிறியே" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதற்கு என்ன செய்வது? வேதா ஃபைலைக் கொண்டுபோய் குபேரனில் வைத்தாள். ராணியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அவள் கணவனும் பிழைத்து எழுந்துவிட்டான்.

"அவங்க அழுதாங்க தம்பி" என்றாள் வேதா.

"நேத்தும் அழுதாங்கக்கா" என்றான் முருகவேல்.

அந்தத் தெருவை அகலமாக்குவதற்காக அளக்கிறவர்கள் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அனுமதியான பிளானைக் காட்டினால் முன்னறை பட்டா நிலத்துக்குள் இருக்கிறது என்று நிரூபிக்கலாம். ராணியம்மாள் கையிலிருந்த நகலைக் கரையான் அரித்துவிட்டது. அவள் காலை பத்து மணிக்கே அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். முருகவேல் கம்ப்யூட்டரில் தேட எந்த வருடம் என்று கேட்டான். "எஞ் சின்னப் பொண்ணு வயசுக்கு வந்த வருசம்" என்றாள். அது ஏழு துண்டில் எந்தத் துண்டிலும் இல்லை. அதுபோக, பழைய ஃபைல்கள் கம்ப்யூட்டருக்குள் வந்திருக்கவும் இல்லை. பிறகு இரண்டு பேரும் தட்டுத் தட்டாக இறக்கிப் பார்த்தார்கள். யமனைச் சுற்றி இருந்த தட்டுகளில் மட்டும். மலைக்கு நேர் எதிர்ப்பக்கத்துக் குபேரனில் தேட யாருக்குத் தோன்றும்? மூன்று மணிக்கு அளக்கிறவர்கள் வந்து, காட்ட ஒன்றும் இல்லாததால் முன்னறைச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார்கள்.

கண்ணாயிரம் அந்த ஃபைலை எடுத்துக்கொண்டு வேங்கிக்காலில் இருக்கும் கலெக்டர் ஆபீஸுக்கு மூன்று தடவை நடந்தார். மூன்று வாரம் கழித்து மறுபடி வந்து அளந்து, முன்னறையை விட்டுவிட்டார்கள். அதற்குள் வாசல் படியும், சாப்பிடுகிறவர்கள் உட்காரப் போட்டிருந்த கீற்றுப் பந்தலும் போய்விட்டன. அவையும் பட்டாவுக்குள்தான் இருந்தன. அந்த ஒரு வெள்ளிக்கிழமை ஃபைல் கிடைத்திருந்தால் ஒரு கீற்று கூடப் போயிருக்காது. இதை யாரும் வேதாவிடம் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறு வாரம் முருகவேல் ஒரு நாற்பது பக்க நோட்டோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அக்கா, உங்க மொறையே இருக்கட்டும். எனக்கு அதச் சொல்லிக் குடுங்க. எழுதிக்கிறேன்."

"எழுதறதுக்கு இன்னா கீது தம்பி. எட்டுத் தட்டு. வூடு எங்கியோ, ஃபைலு அங்க."

"எழுதிட்டேன். ஒண்ணு. அப்பறம்?"

அப்புறம் என்று ஒன்று இருந்தது. யமன் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்கள் குபேரனில். நிருதியும் ஆகாது என்று யாரோ ஜோசியர் கிளப்பிவிட்ட பிறகு வந்தவர்கள் ஈசானியனில். குபேரன் தட்டு நிரம்பி வழிந்ததால், அங்கே உண்மையிலேயே வீடு வைத்திருப்பவர்களில் கோபப்படாதவர்கள் வாயுவில். வழக்குப் போட்டுக்கொண்ட அண்ணன் தம்பி ஃபைல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது, தம்பியுடையது ஒரு தட்டு கீழே. வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு எடுத்து மாற்றிக் கட்டிய வீடுகள் மேஸ்திரி பெயரில். உரிமையாளர் இறந்துபோனால் நாடா முடிச்சு பின்பக்கம். சொல்லச் சொல்ல அவளுக்கே குரல் இறங்கியது. சாயங்காலம் முருகவேல் எண்ணிப் பார்த்தான்.

"முப்பத்தேழுக்கா" என்றான். கிண்டல் இல்லாமல், மெதுவாகத்தான் சொன்னான்.

வேதா நோட்டை வாங்கிப் பார்த்தாள். பன்னிரண்டு வருடமாகச் சுலபம் சுலபம் என்று சொல்லிக்கொண்டிருந்தாளே, அந்தச் சுலபம் ரேக்கில் இல்லை. இந்த முப்பத்தேழும் அவள் தலைக்குள் இருந்ததால் ரேக் பார்க்கச் சுலபமாக இருந்தது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் மனம் நோகாமல் இருக்க அவள் செய்தது. ஒன்று கூடத் தப்பான எண்ணத்தில் செய்ததில்லை. அப்படிச் செய்து செய்து, தன்னைத் தவிர யாரும் திறக்க முடியாத பூட்டாக அதை ஆக்கிவிட்டாள். சாவியையும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாயிரம் நோட்டை எட்டிப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பிறகு முருகவேல் பக்கம் திரும்பினார். "நீ மட்டும் இன்னா ஒழுங்கு? அந்த ஏழு துண்டுல நாலாவது துண்டு இன்னான்னு எனக்குச் சொல்லு பாக்கலாம், கம்ப்யூட்டரப் பாக்காம."

முருகவேல் வாயைத் திறந்தான். வீடா கடையா என்பது நாலாவதா மூன்றாவதா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்த மாதம் மூன்று பேரும் உட்கார்ந்து ஃபைல்களைத் திரும்ப அடுக்கினார்கள். ஒவ்வொன்றும் அதனதன் லிங்கத்துக்குப் போனது. தட்டுக்குள்ளே ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் வரிசை எண். ஏழு துண்டு போய் ஒரு துண்டு. வாசல் பக்கம் ஆணியில் ஒரு நோட்டு தொங்கியது, பெயர் பார்த்தால் தட்டும் எண்ணும். அதையே முருகவேல் கம்ப்யூட்டரிலும் ஏற்றினான். கரண்ட் இருந்தால் அது, போனால் இது. காலியான எண் எது என்று பார்த்தாலே காணாமல் போனதும் தெரிந்துவிடும். அந்த ஒரு விஷயத்தில் அவன் முதலிலேயே சரியாகத்தான் சொல்லியிருந்தான் என்பதை வேதா ஒப்புக்கொண்டாள், சத்தமாக இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். "எமன் வேணாம்னு சொல்றவங்கள இன்னாக்கா பண்றது? தெற்குன்னு பேரை மாத்திடலாமா?"

வேதா யோசித்தாள். "பேரு அதான். அத மாத்துனா வர்றவங்களுக்கு எடம் புரியாது." மேஜை இழுப்பறையிலிருந்து மஞ்சள் குங்குமப் பொட்டலத்தை எடுத்து, ராணியம்மாள் ஃபைலின் மூலையில் ஒரு பொட்டு வைத்து, யமன் தட்டில் அறுபத்து நான்காவதாகச் செருகினாள். "கேக்கறவங்களுக்கு இப்படி வெச்சுடு. ஃபைலு மட்டும் எடத்த விட்டு நகரக் கூடாது."

பிறகு நோட்டிலிருந்து முப்பத்தேழு இருந்த பக்கங்களைக் கிழித்தாள். கிழிக்கும்போது கண் கலங்கியது. முருகவேல் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பது போல் இருந்தான்.

புரட்டாசியில் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. நான்காம் நாளிலிருந்து வேதா அலுவலகத்திலிருந்து ஃபோன் வரும் என்று எதிர்பார்த்தாள். வார்டு வாசலில் நர்ஸின் ஃபோன் அடித்தபோதெல்லாம் தலையைத் தூக்கினாள். எல்லாம் மற்றவர்களுக்கு. ஏழாம் நாள் பொறுக்காமல் ராஜேந்திரனைப் பிடித்துக்கொண்டு எதிரிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தாள்.

"எதுனா தேடறீங்களா தம்பி?"

"இல்லக்கா, எல்லாம் கெடைக்குது. நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க" என்றான் முருகவேல். அவன் குரலில் உண்மையான அன்பு இருந்தது. அதனால் இன்னும் வலித்தது. ரிசீவரை வைத்துவிட்டு அவள் கொஞ்ச நேரம் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராஜேந்திரன் தையல் வலிக்கிறதா என்று கேட்டான். ஆமாம் என்றாள்.

ஒன்றரை மாதம் கழித்து அவள் மாடிப்படி ஏறியபோது ஊரில் தீபத்துக்குப் பந்தல்கால் நட ஆரம்பித்திருந்தார்கள். மூச்சு வாங்கவில்லை. நாற்காலியில் தூசு தட்டி வைத்திருந்தார்கள். அவள் உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது, ராணியம்மாள் வந்தாள். கையில் தூக்குச் சட்டி.

"ஒடம்பு தேறிக்கினியாம்மா? கீத்து மறுபடி போடறேன், பிளான்ல எல்லை எதுவரைக்கும்னு மேஸ்திரி கேக்கறான்."

வேதா எழுந்தாள். கால் தானாக இரண்டாவது ரேக்குக்குப் போனது. கை குபேரன் தட்டின் இடது ஓரத்துக்குப் போனது. அங்கே வேறு யாருடைய வீடோ இருந்தது. அவள் கை அந்தரத்தில் நின்றது. முருகவேல் தன் மேஜையிலிருந்து பார்த்தான். எழுந்து வரவில்லை.

வேதா வாசலுக்குப் போய், ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்தாள். 'ரா' பக்கத்தைத் திருப்பி, வந்து போகிற எல்லோரையும் போல விரல் வைத்துப் பார்த்தாள். யமன், அறுபத்து நான்கு. முதல் ரேக்குக்கு வந்து ஃபைலை எடுத்தாள். மூலையில் பொட்டு மங்காமல் இருந்தது.

ராணியம்மாள் தட்டின் அட்டையைப் படித்துவிட்டு அவளைப் பார்த்தாள். "எமன்லயா வெச்சிக்கீற?"

"ஆமா. உங்க வூடு அங்கதான கீது."

ராணியம்மாள் பொட்டை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அதுவும் சரிதான்" என்றாள். பிறகு தூக்குச் சட்டியை மேஜைமேல் வைத்துக்கொண்டே, "நீ இல்லாதப்ப ஒருக்கா வந்தேன். இந்தத் தம்பி டக்குனு எடுத்துக் குடுத்துச்சு. நான் நாற்காலில குந்தறதுக்குள்ள" என்றாள்.

தனக்கு மட்டுமே சொல்ல வேண்டிய வார்த்தை இன்னொருவருக்குப் போய்விட்டது வேதாவுக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடி, 'நாற்காலியில் உட்காருவதற்குள்' என்று இனி இந்த ஊர் இந்த ஆபீஸைச் சொல்லும், தன்னைச் சொல்லாது, தான் நிம்மதியாகப் படுத்துக் கிடந்து எழுந்து வரலாம் என்று தோன்றி, சிரிப்பு வந்தது. வயிற்றில் தையல் போட்ட இடம் இழுத்தது. அதனால் ஒரு கையால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சிரித்தாள்.